மருந்துக்கும் ஒரு பூ இல்ல

ஞாயித்துக்கெழமைன்னா மனுசி கொஞ்சம் படுத்துக் கெடக்கணும். ஆறு நாளு முதுகுல மருந்து பம்பைச் சொமந்து மலை ஏறி எறங்கினவளுக்கு அந்த ஒரு நாளுதான் மிச்சம். எங்க வீட்டுல அந்த ஒரு நாளும் கெடையாது. விடியறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு தோள்ல கேமராப் பையை மாட்டிக்கிட்டு, கையில கறுப்புக் குடையோட வாசல்ல நிப்பாரு. "எந்திரிலா, பனி கலையறதுக்குள்ள போயிடணும்." எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்தக் குடையைப் புடுங்கி அடுப்புல வச்சிடலாம்னு இருக்கும். வைக்க மாட்டேன். வாயால திட்டிக்கிட்டே சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, பின்னாலயே போவேன்.

மலேசியாவுல, கேமரன் மலையில, ரிங்லெட் டவுனுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து வீடு. நான் சொல்றது எழுபதுகள்ல. அவருக்கு பேக்டரியில வேலை. பச்சைக் கொழுந்தைத் தட்டுல பரப்பிக் காய வைக்கிற மாடி. சூடா இருக்கும், மழை படாது. தோட்டத்துல அதைவிட நல்ல வேலை ஒண்ணு இல்ல. எனக்கு மருந்து அடிக்கிற வேலை. தேயிலைக்கு நடுவுல, வாய்க்கா ஓரத்துல, ரோட்டோரத்துல மொளைக்கிற களையைக் கொல்ற மருந்து. அந்தக் கூட்டம் முழுக்க பொம்பளைங்கதான். புருசனோட பழைய கைநீட்டுச் சட்டையை சேலைக்கு மேல போட்டுக்கிட்டு, தலையையும் வாயையும் துணியால கட்டிக்கிட்டு, தோங்குல, அதான் பீப்பாயில, கலக்கி வச்ச மருந்தை பம்புல ஊத்தி முதுகுல ஏத்திக்கிட்டுப் போவோம். சாயங்காலம் என்னாதான் தேச்சுக் குளிச்சாலும் சோத்துக் கையில அந்த வாடை இருக்கும்.

கேமரா எப்படி வந்துச்சுன்னா, தானா ராத்தா டவுனுல போட்டோக் கடை வச்சிருந்த சீன மொதலாளி, தவுக்கேம்போம், அவரு புதுசு வாங்கினப்ப பழசை இவருகிட்ட தள்ளிவிட்டாரு. நான் தையல் மெசினு கேட்டிருந்தேன். கேமரா வந்துச்சு. சரி, கல்யாணம் காதுகுத்துன்னு போய் படம் எடுத்தா நாலு பேரு மதிப்பாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இந்த மனுசன் மனுசங்க பக்கமே கேமராவைத் திருப்பல. பூவு, பாறை, பாசி, பனி, மலை, இதேதான். லயத்துல எல்லாரும் சிரிச்சாங்க. "என்னாண்ணே, களையைப் போட்டோ புடிக்கிறீங்களாமே? அதுக்கு ஐ.சி. அடையாளக் கார்டு எடுக்கப் போறீங்களா?"ன்னு கேப்பாங்க. அவரும் கூடச் சேந்து சிரிச்சிட்டுப் போயிடுவாரு. எனக்குத்தான் மானம் போகும்.

அவங்க கேட்டதுல தப்பும் இல்ல. தோட்டத்துல தேயிலையைத் தவிர மொளைக்கிறது எல்லாமே களைதான். ஊதா நெறத்துல பஞ்சு வச்ச மாதிரி பூக்கிற பூண்டு, தொட்டாச்சிணுங்கி, காட்டுக் காசித்தும்பை, தின்னா நாக்கு நீலமாகிற பழம் விடுற செண்டுடோக், மூங்கில் கணக்கா தண்டு விட்டு உச்சியில ஒத்தைப் பூவோட நிக்கிற தரை ஆர்க்கிட், எல்லாத்துக்கும் ஒரே மருந்து. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் நான் எதைக் கொல்றேனோ, அதைத்தான் அவரு ஞாயித்துக்கெழமை முட்டி போட்டு படம் எடுப்பாரு. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல.

சீமையில வசந்த காலம், எலை உதிர்ற காலம்னு நாலு காலம் இருக்காம். எங்க மலையில மழை, சாரல், பனி, அப்புறம் போனாப் போகுதுன்னு கொஞ்சம் வெயிலு. அதுக்கு மேல எங்களுக்குன்னு ஒரு காலம் இருந்துச்சு, மருந்துக் காலம். ஒரு மலையில அடிச்சிட்டுப் போனா களை மஞ்சளாகி, கருகி, மண்ணோட படுத்துரும். மழை பேஞ்சதும் மறுபடி தலை தூக்கும். தூக்கி, மொட்டு விட்டு, பூத்து நிக்கிறப்ப அடுத்த சுத்து வந்துரும். ரெண்டு சுத்துக்கும் நடுவுல கெடைக்கிற அந்தக் கொஞ்ச நாளுதான் பூவுக்குச் சொந்தம். அது எந்த மலையில எப்ப வரும்னு பேக்டரியில இருக்கிற மனுசனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரியும். அதனால நான் அவருக்கு ஒற்றன் வேலை பாத்தேன்.

எங்க தோட்டத்துல மலைக்கெல்லாம் பேரு கெடையாது, நம்பருதான். சனிக்கெழமை நான் குளிச்சிட்டு வந்து தலையைத் தொவட்டுறதுக்குள்ள கேப்பாரு, "அடுத்த வாரம் எந்த நம்பரு?"

"ஏழு."

மொகம் சுருங்கிடும். "ஏழுல இப்பத்தானே ஆர்க்கிட்டு மொட்டு விட்டிருக்கு."

"அதுக்கு நான் என்னா செய்ய? மொட்டு விட்டிருக்கு, பம்பை நிறுத்துங்கன்னு கங்காணிகிட்டச் சொல்லவா?"

"சரி சரி, நாளைக்கே போயிடலாம்"ம்பாரு. நான் கதவுல தலையை முட்டிக்காத கொறைதான்.

போனா எனக்கு என்னா வேலைன்னு நெனைக்கிறீங்க, குடை புடிக்கிறது. வெயிலுக்கு இல்ல, மழைக்கும் இல்ல, காத்துக்கு. பூவு ஆடக் கூடாதாம். தை மாசம் கையெல்லாம் வெறைச்சுப் போற குளிர்ல, ரிங்லெட் அணைக்கட்டுத் தண்ணி மேல பனி கெடக்கிறப்ப, கரையோரம் பூத்த ஒரு துக்குணி பூவுக்கு நான் குடை புடிச்சிக்கிட்டு நிப்பேன். அவரு மண்ணுல படுத்துக்கிட்டு ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, "ஆடாதே, ஆடாதே"ம்பாரு. பூவைச் சொல்றாரா என்னைச் சொல்றாரான்னு தெரியாது. வெயில் காலம் வந்தா மலை உச்சிக்கு இழுத்துக்கிட்டுப் போவாரு. அங்க மரமெல்லாம் பாசி மூடிக் கெடக்கும். நடுவுல செகப்புச் செகப்பா ஒரு காட்டுப் பூ, தரையில தண்ணி நெறைஞ்ச குடுவையோட ஒரு கொடி. மலாய்க்காரங்க அதுக்கு 'கொரங்கோட குண்டான்'னு பேரு வச்சிருக்காங்க. சித்திரை மழையில அட்டை ஏறும். வருசக் கடைசி அடைமழையில மண்ணு சரிஞ்சு ரோடு மூடி, திரிங்காப் பக்கமிருந்து வர்ற காய்கறி லோரியெல்லாம் வரிசையா நிக்கும். அப்பவும் இவருக்கு மேகத்துக்கு நடுவுல தேயிலை மலை எப்படி இருக்குன்னு படம் எடுக்கணும்.

எனக்கு அதுல எதுவும் அழகாத் தெரியல. கால் வலிதான் தெரிஞ்சுச்சு. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ம்பாரு. "கழுதைதான் ஆறு நாளா பொதி சொமந்துச்சு, அதுக்குத் தூக்கத்தோட வாசனைதான் தெரியும்"ம்பேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம். சிரிச்சாலும் அலுப்பு போகாது. தானா ராத்தாவுல கழுவின படம் வந்ததும் அடுப்பு வெளிச்சத்துல ஒண்ணொண்ணா காட்டுவாரு. அதுல இருக்கிற பூ எல்லாத்தையும் நான் பாத்திருப்பேன். மலையில அது இருக்காது. நானே போய் அடிச்சிருப்பேன். ஒரு ஞாயித்துக்கெழமை அவரு ரோட்டோரத்துல படுத்து படம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப துரையோட ஜீப்பு வந்து நின்னுச்சு. வெள்ளைக்காரங்க போயி நம்மூரு ஆளு மேனேஜரா வந்தப்புறமும் எங்களுக்கு அவரு துரைதான். எட்டிப் பாத்துட்டு, "நல்லா இருக்கு, ஒரு நாளைக்கு எல்லாத்தையும் கொண்டுவந்து காட்டு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரரு அதை ஒரு மாசம் சொல்லிக்கிட்டே திரிஞ்சாரு.

கண்ணு போனது ஒம்பதாம் நம்பர் மலையில. மழைக்கு முந்தின சுத்து. பம்போட வாய் அடைச்சுக்கிச்சு. அடைச்சா என்னா செய்வோம், கழட்டி ஒரு ஈர்க்குச்சியால குத்தி விடுவோம், இல்லாட்டி வாயால ஊதுவோம். யாரும் சொல்லிக் குடுக்கல, எல்லாரும் அப்படித்தான். நான் குனிஞ்சு குத்துறேன், உள்ள அழுத்தத்துல கெடந்த மருந்து சட்டுன்னு பீச்சி வலது கண்ணுல அடிச்சிருச்சு. ஐயோ அம்மான்னு உக்காந்துட்டேன். ஓடை ரொம்பக் கீழ. கூட இருந்த பொம்பளைங்க பதறிப் போயி போத்தல்ல இருந்த தேத்தண்ணியை எடுத்து ஊத்தினாங்க. சக்கரை போட்ட தேத்தண்ணி. அவங்ககிட்ட இருந்தது அதுதான். கங்காணி வந்து பாத்துட்டு, "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் நெழல்ல உக்காரு"ன்னாரு. கொஞ்ச நேரங்கழிச்சு, "ஒரு தோங்குதான் பாக்கி, முடிச்சிட்டுப் போயிடு"ன்னாரு. முடிச்சிட்டுத்தான் போனேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் பதிலா இருக்கிற டிரெசர் சொட்டு மருந்து குடுத்தாரு. கண்ணு செவந்து, வீங்கி, சீழ் வச்சு, பிள்ளைங்க என் மொகத்தைப் பாக்கப் பயந்தாங்க. அப்புறம் வலி கொறைஞ்சுச்சு. கொறைஞ்சதும் நல்லாயிருச்சுன்னு நெனச்சேன். ஆனா அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு, ஆளு தெரியல. டிரெசர் டார்ச்சு லைட்டை அடிச்சுப் பாத்துட்டு, "பூ விழுந்திருச்சும்மா"ன்னாரு.

கண்ணு மணியில வெள்ளையா தழும்பு விழுந்தா நம்ம ஆளுங்க சொல்ற வார்த்தைதான். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கேன். அன்னைக்குப் பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரரு மொகத்துல ரத்தமே இல்ல. வீட்டுக்கு வர்ற வழியில நான்தான் வேடிக்கையாப் பேசினேன். "இனிமே நீங்க மலை மலையா அலைய வேணாம், வீட்டுக்குள்ளயே பூத்துருச்சு"ன்னேன். அவரு சிரிப்பாருன்னு பாத்தேன். ரோட்டோரத்து மதகுல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதாரு. கொழுந்து மூட்டை ஏத்திக்கிட்டுப் போற லோரியில இருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க. அதுக்கப்புறம் என் கண்ணைப் பத்திப் பேசுறப்ப அந்த வார்த்தையை அவரு சொன்னதே இல்ல. 'அந்த வெள்ளை'ம்பாரு, அவ்வளவுதான்.

கோலா தெர்லாவுலேர்ந்து முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு வந்த லோரியில ஏறி ஈப்போவுக்குப் போயி கண்ணு டாக்டரைப் பாத்தோம். வயசான சீனர். ரொம்ப நேரம் பாத்தாரு. இந்தக் கண்ணு திரும்பாது, மிச்சம் இருக்கிற கண்ணைக் காப்பாத்திக்க, இனிமே மருந்துப் பக்கம் போகாதேன்னு மலாய்ல சொன்னாரு. சொல்றது சுலபம். தோட்டத்துல வேலை இல்லன்னா லயத்துல வீடு இல்ல. வேலையை மாத்தித் தாங்கன்னு ஆபீஸ்ல கிராணிகிட்ட போய் நின்னேன். தோட்டத்துல யாரு எந்த வேலைக்குன்னு எழுதுறது அவருதான். கொழுந்து எடுக்கப் போறேன்னு கேட்டேன். அவரு தலையை நிமித்தாமயே சொன்னாரு, "கொழுந்து எடுக்க ரெண்டு கண்ணு வேணும்மா. மருந்து அடிக்க ஒண்ணு போதும்."

பேக்டரியில தேயிலைக் காம்பு பொறுக்குற பொம்பளைங்களோட சேத்து விடுங்கன்னு கேட்டேன். அங்க எடம் இல்லன்னுட்டாரு. போறப்ப ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியைக் குடுத்தாரு, மருந்து அடிக்கிறப்ப போட்டுக்கச் சொல்லி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதைப் போட்டா பனியில மூடிக்கிட்டு முன்னால இருக்கிற பள்ளம் தெரியாது.

அப்படியே ஒரு வருசம் ஓடுச்சு. காத்து திரும்பிச்சுன்னா நல்ல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கெட்ட கண்ணுல தெரியுற வெளிச்சத்தை வச்சே தடவித் தடவி நடப்பேன். ரெண்டு தடவை சறுக்கி விழுந்தேன். பம்பு அடைச்சா மொகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் குத்துவேன். இந்தக் கண்ணும் போச்சுன்னா பிள்ளைங்க மொகத்தை இனிமே பாக்க முடியாதே, சோத்துல கல்லு கெடந்தாக்கூடத் தெரியாதேன்னு நெனச்சு நெனச்சு மருந்து அடிப்பேன். வாய்விட்டுச் சொல்றேன், எனக்குச் செத்துப் போயிடலாம்னு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை அவரு கூப்பிட்டா மட்டும் மறுக்காம போனேன். அன்னைக்கு ஒரு நாளாவது மலையில மருந்து இல்லாத காத்து அடிக்கும்.

எங்க வீட்டுக்காரரு யாருகிட்டயும் எதையும் கேக்கத் தெரியாதவரு. கடையில மிச்சச் சில்லறை குடுக்க மறந்துட்டாக்கூட பேசாம வந்துருவாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு நாளு சொன்னாரு, "நான் துரையைப் பாத்துக் கேக்கப் போறேன். வெறுங்கையோட போகக் கூடாது." அந்த ஒரு வருசத்துல எடுத்த படத்துல நல்லதாப் பொறுக்கி ஆல்பம் பண்ணி துரைக்குக் குடுக்குறதுன்னு முடிவு பண்ணினாரு. படம் பாத்து துரை மனசு குளுந்திருக்கிறப்ப என் கண்ணு விசயத்தைச் சொல்லி, பேக்டரிக்கு மாத்தச் சொல்லிக் கேக்கணும். கேட்டா துரை செய்வாருன்னு அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துருச்சு. ரிங்லெட்டுல ஒரு பாய் கடையில வெல்வெட்டு அட்டை போட்ட ஆல்பமா பாத்து வாங்கினோம். அந்தக் கடை பாய், "யாரு வீட்டுக் கல்யாணம்?"னு கேட்டாரு. "களைக்குக் கல்யாணம்"னு சொல்லிட்டு வந்தேன்.

நான் கோந்து தடவிக் குடுக்க, அவரு ஒட்டினாரு. தைப் பனியில ஆரம்பிச்சு மார்கழி மழை வரைக்கும் வருசம் முழுக்க அதுல இருந்துச்சு. மலைக் காட்சியை முன்னால வைங்கன்னு நான் சொன்னேன். இல்ல, பூவுதான் முன்னாலன்னாரு. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் கறுப்பு மையால மாசத்தையும் மலை நம்பரையும் எழுதினாரு. இது ஏழு, இது ஒம்பது, இது பன்னெண்டுன்னு. "எதுக்கு அது?"ன்னேன். "துரை இதெல்லாம் வேற எங்கயோ எடுத்ததுன்னு நெனச்சுக்கக் கூடாது பாரு. அவரு தோட்டத்துலயே இவ்வளவு அழகு இருக்குன்னு அவருக்குத் தெரியட்டும்"ன்னாரு. எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு.

சனிக்கெழமை வேலை விட்டதும் ரெண்டு பேரும் குளிச்சு, நல்ல துணி உடுத்தி, ஆபீஸ் வாசல்ல போய் நின்னோம். துரை கூப்பிட்டு ஆல்பத்தை வாங்கினாரு. மொத படத்தைப் பாத்ததும், "சாந்தேக்"ன்னாரு. மலாய்ல அழகுன்னு அர்த்தம். அடுத்ததைப் பாத்தாரு, அதுக்கும் சாந்தேக். எங்க வீட்டுக்காரரு நெஞ்சு நிமிந்து நின்னதை அன்னைக்குத்தான் பாத்தேன். நாலஞ்சு பக்கம் திருப்பினதும் துரை படத்தை விட்டுட்டு கீழ இருந்த நம்பரைப் பாக்க ஆரம்பிச்சாரு. மறுபடி மொதல்லேர்ந்து திருப்பினாரு. "இது ஏழுலயா?"ன்னு கேட்டாரு. "ஆமாங்க துரை, ஏழுதான்!"னு இவரு சந்தோசமாச் சொன்னாரு. துரை கிராணியைக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் இங்கிலீசுல பேசிக்கிட்டாங்க. எனக்குப் புரியல, ஆனா கிராணி கழுத்து வேர்த்ததைப் பாத்தேன். இவரு மெதுவா, "துரை, எங்க வீட்டுல இவளுக்குக் கண்ணு..."ன்னு ஆரம்பிச்சாரு. "இப்ப பேசாதே, போ"ன்னு கிராணி பல்லைக் கடிச்சாரு. துரை ஆல்பத்தை மேசையில வச்சுக்கிட்டு, தேங்க்யூன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

திங்கக்கெழமை காலையில பெரட்டு. ஆளுங்க எல்லாரும் கூடி நின்னு அன்னன்னைக்கு வேலை வாங்கிக்கிற எடம் அது. கங்காணி குரலு அன்னைக்குக் கடுகடுன்னு இருந்துச்சு. அடுத்த மாசம் கம்பெனியிலேர்ந்து பெரிய துரைமாரு தோட்டத்தைப் பாக்க வர்றாங்க. மலையெல்லாம் களை மண்டிக் கெடக்குன்னு துரைக்குத் தெரிஞ்சு போச்சு. இன்னையிலேர்ந்து ரெட்டைச் சுத்து, மருந்து அடிக்கிற ஆளு ஒருத்திகூட லீவு போடக் கூடாது. சொல்லிட்டு எந்த எந்த மலைன்னு கத்தினாரு. "மொதல்ல ஏழு. அப்புறம் ஒம்பது. அப்புறம் பன்னெண்டு. அப்புறம் மூணு."

அது ஆல்பத்துல ஒட்டின வரிசை. கோந்து தடவினவளுக்கு மறக்குமா?

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் பேசின பேச்சு லயம் முழுக்கக் கேட்டிருக்கும். "பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்கா போச்சே! நம்பரு எதுக்குய்யா போட்டீங்க? நம்பரு இல்லாத வரைக்கும் அது பூவு. நம்பரு போட்டீங்க, களையாயிருச்சு. இனிமே ரெட்டைச் சுத்து, ரெட்டை மருந்து. இந்தக் கண்ணும் அவிஞ்சாத்தான் உங்களுக்குக் குளுரும் போல!"ன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேணாம், ஆனா வயித்தெரிச்சல் யாரைக் கேட்டு வருது. அவரு சாப்பிடல. சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்துக்கிட்டாரு.

மறுநாள் பெரட்டுல நான் பம்பைத் தோள்ல மாட்டப் போறேன், யாரோ பின்னாலேர்ந்து அதைப் புடிச்சாங்க. திரும்பினா இவரு. பேக்டரி ஆளுங்க நிக்கிற பக்கம் போகாம இங்க வந்து நிக்கிறாரு. பம்பை வாங்கித் தன் முதுகுல மாட்டிக்கிட்டு, "இவளுக்குப் பதிலா நான்"ன்னாரு. பொம்பளைங்க எல்லாரும் சிரிச்சாங்க. கங்காணிக்கும் சிரிப்பு வந்துருச்சு. கிராணி வந்து, "பேக்டரி வேலையை விட்டுட்டா? பைத்தியமா உனக்கு?"ன்னு கேட்டாரு. "இவளைக் காம்பு பொறுக்க விடுங்க, நான் இதைச் செய்யுறேன்"னு மறுபடியும் அதையேதான் சொன்னாரு. யாருகிட்டயும் எதையும் கேக்கத் தெரியாத மனுசன், அத்தனை பேரு முன்னால நின்னு கேட்டாரு. கிராணி யோசிச்சாரு. ஆம்பளை ஆளு கெடைச்சா அவருக்கு லாபம்தான். "சரி. ஆனா ஒண்ணு. பெரிய துரைமாரு வந்து போனப்புறமும் சரி, எந்த மலையிலயாவது ஒரு களை கண்ணுல பட்டுச்சு, மருந்து அடிச்ச பழைய ஆளுங்க எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுவேன். உன் பொண்டாட்டியும் பம்பைத் தூக்கணும்"ன்னாரு.

நான் பேக்டரிக்குப் போனேன். பெரிய சன்னல் ஓரத்துல உக்காந்து, காஞ்ச தேயிலையில காம்பைப் பொறுக்குற வேலை. உக்காந்தே செய்யலாம். காத்துல தேயிலை வாசம்தான். மொத நாளு எனக்கு அழுகையா வந்துச்சு. என்னோட நல்ல கண்ணு தப்பிச்சதுல எவ்வளவு சந்தோசமோ, அவரு முதுகுல அந்தப் பம்பைப் பாத்ததுல அவ்வளவு வேதனை. சாயங்காலம் அவரு வருவாரு, பின்பக்கக் கொழாயில கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவுவாரு, சாப்பிட்டுப் படுத்துக்குவாரு. ஞாயித்துக்கெழமை நல்லாத் தூங்கினாரு. கேமரா ஆணியில தொங்குச்சு. ஒரு வாரம் நானே, "போயிட்டு வரலாமா, குடை புடிக்கிறேன்"னு கேட்டேன். "அலுப்பா இருக்குலா"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

பெரிய துரைமாரு வந்தாங்க, ஜீப்புல சுத்திப் பாத்தாங்க, போனாங்க. என்னை யாரும் திருப்பிக் கூப்பிடல. அதுக்கப்புறம் நான் அந்தச் சன்னல் ஓரத்துலயே இருந்துட்டேன், எண்பதுகள்ல தோட்டத்தை விட்டு வர்ற வரைக்கும். அவங்க போன மறுநாள் கங்காணி பேக்டரி வாசல்ல என்னைப் பாத்து நின்னாரு. "உன் வீட்டுக்காரன மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லம்மா. நாங்க போகாத இடுக்கு, பாறைச் சந்து, மதகுக்கு அடி, எது எங்க மொளைக்கும், எப்ப தலை தூக்கும்னு எல்லாம் அவனுக்குத் தெரியுது. நான் சொல்றதுக்கு முன்னால அங்க போய் நிக்கிறான். வந்தவங்க மெச்சிட்டுப் போனாங்க. மலையில இப்ப மருந்துக்கும் ஒரு பூ இல்ல"ன்னாரு. நல்ல சேதின்னு நெனச்சு சொன்னாரு.

அந்த ஞாயித்துக்கெழமை அவரு தூங்கிக்கிட்டு இருந்தப்ப நான் மட்டும் எந்திரிச்சுப் போனேன். ஏழாம் நம்பருக்குக் கீழ, தோட்டத்து எல்லையைத் தாண்டி, காட்டு ஓரமா ஒரு ஓடை ஓடும். அது தோட்டத்துக்குச் சேராது. எந்த துரையும் அங்க எறங்க மாட்டாங்க. தரை ஆர்க்கிட்டு கூட்டமா பூக்கிற எடம், எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச எடம். அங்கயாவது நாலு பூ இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு எறங்கினேன். கரை ரெண்டும் மஞ்சளாக் கருகிக் கெடந்துச்சு. ஒரு தண்டு நிக்கல.

வீட்டுக்கு வந்தப்ப அவரு பின்வாசல்ல உக்காந்து சவுக்காரத்தால கையைத் தேச்சுக்கிட்டு இருந்தாரு. நான் கத்தல. கத்துறதுக்குத் தெம்பு இல்ல. "ஓடைக்கரைக்குப் போயிருந்தேன்"ன்னேன். அவரு நிமிந்து பாக்கல. "அது தோட்டத்துல சேராதே, யாரு கண்ணுல படப் போகுது? அதை எதுக்குய்யா அடிச்சீங்க?"

ரொம்ப நேரம் தேச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "காத்தடிச்சா வெதை மேல வந்துரும்லா"ன்னாரு. "வந்து ஏழுல ஒண்ணு மொளைச்சாப் போதும். உன்னைக் கூப்பிட்டுருவாங்க."

அவரு கையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே பக்கத்துல உக்காந்துட்டேன். தெரியுற கண்ணுல எவ்வளவு தண்ணி வந்துச்சோ, தெரியாத கண்ணுலயும் அவ்வளவு வந்துச்சு.